அறுபதாம் கல்யாணமும் ஒரு விளக்கக் கடிதமும்

1

என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. கனடாவுக்குக் குடிவர விண்ணப்பிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள், மொத்தம் முப்பத்தொன்று. நானும் என் கணவர் பிரகாஷும் முகவர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நாங்களே விண்ணப்பம் போட்ட காலத்தில் எனக்காக எழுதத் தொடங்கியது. பிறகு தோழிகள் கேட்டார்கள். தோழிகளின் தம்பிகள் கேட்டார்கள். இப்போது நான் பார்த்தே இராதவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது சுற்றுகிறது. போன வருடம் அடையாறிலிருந்து ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "உங்களுக்கு யூஸ் ஆகும் மேடம், படிச்சுப் பாருங்க" என்றார். நன்றி சொன்னேன்.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் பட்டியலும் அந்த மாதிரிதான் இருக்கும். பத்து வருட முகவரியில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். வேலை இல்லாமல் இருந்தால் இல்லை என்றே எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். முன்பு எந்த நாடாவது விசா மறுத்திருந்தால் மறைக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் எழுத்தை மட்டுமல்ல, முத்திரையையும் மொழிபெயர்க்க வேண்டும். கேட்டதை மட்டும் கொடுங்கள். கேட்காத ஒவ்வொரு காகிதமும் ஒரு புதுக் கேள்வி.

கடைசியாகச் சொன்னதை நானே மீறினேன். போன வாரம், மந்தைவெளியிலிருந்து கனடா வந்து குடியேறிய ஒரு பெண், தன் பெற்றோரை அழைத்துக்கொள்ளப் போகிறவள், "அக்கா, இந்த லிஸ்ட்ல எல்லாம் இருக்கா, இல்ல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டிருந்தாள். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒரு வரியில் எழுதினால் அவளுக்குப் புரியாது என்பதால் இந்தக் குறிப்புகள்.

2

நான் ஒரே பெண். அப்பா கணபதி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, பட்டுப் பிரிவின் மேலாளராக ஓய்வு பெற்றவர். அம்மா செண்பகம். அப்பா கடையில் இருந்த நேரம் போக மிச்சம் இருந்த குடும்பம் முழுவதையும் நடத்தியவள்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் கண்டது. எனக்கு அதை நான்காம் நாள்தான் சொன்னார்கள். "சொன்னா நீ என்ன பண்ணுவ, அங்க உக்காந்து அழுவ" என்றார் அப்பா. அந்த நான்கு நாளும் அவர் தனியாக அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வருடமே பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தேன். அடுத்த முறை எங்கள் பெயர் வந்தது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ரெண்டு பேரும்னா வர்றோம். ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிடு."

"ஒரே விண்ணப்பம்தான்பா. நீங்க விண்ணப்பதாரர், அம்மா உங்க மனைவிங்கிற முறையில கூட வராங்க."

"முறையிலன்னா என்ன, அவ நிஜமாவே மனைவிதான?" என்றார். அப்போது சிரித்தோம்.

எட்மன்டனில் சனிக்கிழமை காலை ஏழு மணி என்றால் சென்னையில் மாலை கவிந்துவிட்டிருக்கும். அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பினோம். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனியை வாரிக்கொண்டிருப்பார்கள். அங்கே மந்தைவெளி வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். முகவரிப் பகுதியில் இரண்டு மாதம் உதைத்தது.

"கோட்டூர்புரம் வீட்டுக்கும் மந்தைவெளி வீட்டுக்கும் நடுவுல ரெண்டு மாசம் எங்க இருந்தீங்கப்பா?"

"வெள்ளம் வந்தப்பவா? கொட்டிவாக்கத்துல உங்க மாமா வீட்டுல. அதையெல்லாமா கேக்குறான்?"

"எல்லாத்தையும் கேப்பாங்க."

"அப்ப முதல் ராத்திரி மொட்டை மாடியில இருந்தோம், அதையும் போடு."

அந்த டிசம்பரில் ஆற்றோரம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்று வடிந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் ஊறிப்போய் ஒரே கட்டியாகிவிட்டது. அம்மா அதை வெயிலில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்த பக்கத்தில் எல்லாம் நிறம் மட்டும் இருந்தது, மனிதர்கள் இல்லை.

3

அடுத்த வருடம் அப்பாவுக்கு அறுபது நிறைந்தது. அப்பாவுக்கு விழாவில் விருப்பமில்லை. அம்மா விடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஆல்பம் என்பது எங்களுக்கு அன்று காலைதான் தெரிந்தது.

வெள்ளத்தில் போன ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று அவளுக்கு மனப்பாடம். அதே அரக்குச் சேலை, அதே இடது தோளில் சரியும் மாலை. படம் எடுக்க வந்த இளைஞர் சுற்றி வந்து விதவிதமாக எடுக்கப் பார்த்தார். அம்மா, "நீ அந்தத் தூணுகிட்டயே நில்லுப்பா, அங்கேருந்துதான் எடுத்தாங்க" என்றாள்.

"மேடம், அங்கேருந்து எடுத்தா சாரோட பாதி முகம்தான் விழும்."

"பாதிதான் விழுந்துது. அப்படியே எடு."

முதல் கல்யாணத்தில் தாலி கட்டும்போது பின்னால் தாம்பாளத்தோடு நின்றது அத்தை. அத்தைக்கு இப்போது முழங்கால் வலி, நிற்க முடியாது. அந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். இருபத்தாறு வயதில் என் அப்பா அம்மாவின் கல்யாணத்தில் தாம்பாளம் ஏந்தி நின்றேன். அந்தப் படம்தான் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் "இது எங்க கல்யாணப் போட்டோ" என்றுதான் அம்மா சொல்வாள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

இனி என் தவறு. அவர்கள் திருமணத்தை அந்தக் காலத்தில் பதிவு செய்யவில்லை. இந்த விண்ணப்பத்துக்காகத்தான் போய்ப் பதிவு செய்தார்கள். சான்றிதழில் திருமண நாள் சரியாக இருந்தது. ஆனால் வழங்கிய தேதி புத்தம் புதியது. இவ்வளவு தாமதமாக வாங்கிய சான்றிதழைச் சந்தேகிப்பார்களோ என்று எனக்குள் ஒரு பயம். கூடுதலாக ஏதாவது சேர்ப்போம் என்று, "அப்பா, கல்யாணப் போட்டோ நாலு அனுப்புங்க" என்றேன். கல்யாணம் ஒன்று, கல்யாணம் இரண்டு என்று அவர் பெயரிட்டு அனுப்பினார். திறந்து பார்த்தேன். அழகாக இருந்தன. "திருமணப் புகைப்படங்கள்" என்று தலைப்புக் கொடுத்து ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை. பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிற என் கண்ணுக்கு, அந்தப் படத்தில் நானே நிற்பது உறைக்கவில்லை.

4

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மரியாதையான, நிதானமான கடிதம். சாரம் இதுதான்: திருமணம் நடந்ததாகச் சொல்லும் நாளுக்கும் புகைப்படங்களுக்கும் பொருந்தவில்லை. மணமக்கள் ஏறத்தாழ அறுபது வயதினர். அவர்களின் மகள், இந்த விண்ணப்பத்தின் பொறுப்பாளர், வளர்ந்த பெண்ணாகப் படத்தில் இருக்கிறார். சான்றிதழ் அண்மையில் பெறப்பட்டது. இவர்கள் இடையில் பிரிந்திருந்தார்களா? வேறு திருமணம் உண்டா? இந்த உறவு விண்ணப்பத்துக்காக ஏற்பட்டதா? முப்பது நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் தேவை. தகவல் பொய் என்று முடிவானால் ஐந்து வருடம் விண்ணப்பிக்க முடியாது.

அதிகாரியின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையே கேட்டிருப்பேன். ஐந்து வருடம் என்ற இடத்தில்தான் கண் நின்றது. அம்மாவின் இடுப்பையும் அப்பாவின் வயதையும் வைத்து ஒரு கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

பிரகாஷிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் மகள் யாழினி கேட்டுவிட்டாள். ஆறு வயது. அவள் வகுப்பில் இரண்டு வீடு இருக்கிற குழந்தைகள் நாலைந்து பேர். ஒரு துளிக் கவலையும் இல்லாமல் கேட்டாள்: "தாத்தாவும் ஆச்சியும் டிவோர்ஸ் பண்ணி மறுபடி கட்டிக்கிட்டாங்களா?"

"இல்லடா. அவங்களேதான், ரெண்டு தடவை."

"முதல் தடவை சரியா பண்ணலையா?"

அவளுக்கு என் பெற்றோர் ஒரு செவ்வகத்துக்குள் இருந்து கையசைக்கும் இருவர். அவர்களைப் பற்றி அவளும் அந்த அதிகாரியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்.

அன்று மாலை சென்னைக்குக் காலை. அப்பாவிடம் கடிதத்தை மெதுவாக மொழிபெயர்த்துப் படித்தேன்.

"என்னது, பிரிஞ்சிருந்தோமா?" குரல் உயர்ந்தது. "ஒரு தீபாவளி சீசன்ல பதினஞ்சு நாள் கடையிலயே படுத்தேன். அதைச் சொல்றானா?"

பின்னாலிருந்து அம்மா, "அதையும் எழுதிடுங்க. எதையும் மறைக்கக் கூடாதுன்னு அவ லிஸ்ட்லயே இருக்கு" என்றாள்.

"வெளையாட்டா இருக்கா உனக்கு?"

அப்பா எழுந்து போன பிறகு அம்மா கைப்பேசியை எடுத்து, திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து, "நான்தான் அப்படியே எடுக்கணும்னு அடம் பிடிச்சேன். வேற மாதிரி எடுத்திருந்தா அறுபதாம் கல்யாணம்னு பாத்தவுடனே தெரிஞ்சிருக்கும், இல்ல?" என்றாள்.

"ஏத்தினது நான்மா."

"எடுக்க வெச்சது நான்" என்றாள்.

5

முதல் கல்யாணத்துக்கு ஆதாரம் தேடி அப்பா புறப்பட்டார். அறுபத்தெட்டு வயதில் பேருந்தில் ஏறி இறங்கினார். படம் எடுத்த தி. நகர் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். கொட்டிவாக்கம் மாமாவிடம் இருந்த ஒரு படத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மட்டும் இருந்தார்கள், மணமக்கள் இல்லை. பெசன்ட் நகரில் அப்பாவோடு வேலை பார்த்தவரின் வீட்டில் காபி கொடுத்தார்கள், அழைப்பிதழ் இல்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு குரல் பதிவு வரும். கடைசியில் எப்போதும் "பாப்போம்" என்று முடியும்.

மாமாவும் அத்தையும் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தந்தார்கள். ஆனால் அவர்கள் உறவினர்கள். கல்யாணத்தன்றே உண்டான ஏதாவது ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் போயிருந்தது.

அம்மா நடுவில் வந்தாள். "தேதி போட்டிருந்தா போதுமா?"

"தேதியும் பேரும் இருந்தா போதும்மா. காகிதம் ஏதாவது இருக்கா?"

"காகிதம் இல்ல. பாத்திரம்."

அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் இங்கிருந்து பார்த்தேன்.

கல்யாணத்துக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். கொடுப்பவர் பெயர், மணமக்கள் பெயர், தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர்களில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் நின்று படித்ததில்லை. வெள்ளத்தில் ஆல்பம் போனது. பாத்திரம் சேற்றில் கிடந்தது, அம்மா புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள்.

பரணிலிருந்து அப்பா ஒவ்வொன்றாக இறக்கினார். அம்மா கீழே நின்று வாங்கினாள். "மெதுவா, மெதுவா. நீங்க விழுந்தீங்கன்னா என்னால தூக்க முடியாது" என்றாள். குடம், அண்டா, தாம்பாளம், தூக்குவாளி, நாலடுக்கு டிபன் கேரியர். மொத்தம் பதினொன்றில் எழுத்து இருந்தது. "செல்வன் கணபதி – செல்வி செண்பகம் திருமணத்திற்கு அன்பளிப்பு." எட்டில் தேதி முழுதாக இருந்தது. பட்டுப் பிரிவு நண்பர்கள் கொடுத்த குடத்தில் கடையின் எல்லோர் பெயரும் இருந்தது, அப்பாவைத் திட்டும் பழைய கணக்குப்பிள்ளை உட்பட.

படம் எடுப்பதுதான் பாடாக இருந்தது. அம்மா கைப்பேசியைப் பிடித்தால் பாத்திரத்தில் எழுத்து தெரியவில்லை. நீண்டு வளைந்த ஓர் அம்மாதான் தெரிந்தாள். வெளிச்சத்தை மாற்றிச் சொன்னேன், கோணத்தை மாற்றிச் சொன்னேன். அரைமணி நேரம் பொறுத்தாள். பிறகு பூஜை அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்து எழுத்தின்மேல் தடவி, துணியால் துடைத்தாள். புள்ளிகளுக்குள் சிவப்பு நின்றது. ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று வந்தது.

"இப்ப படிக்க முடியுதாடி உங்க ஆபீசருக்கு?"

6

எழுத்து தமிழில் இருப்பதால் மொழிபெயர்க்க வேண்டும். லஸ் முனைக்குப் பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் அப்பா போனார். நம்பிக்கையில்லாமல் குடத்தையும் ஒரு பையில் கொண்டுபோயிருக்கிறார். என்னையும் கைப்பேசியில் வைத்திருந்தார்.

"இன்னா சார் இது?"

"டாக்குமென்ட்டு."

"சார், நான் பத்திரம் பண்ணிக் குடுத்துகிறேன், ஜாதகம் பண்ணிக் குடுத்துகிறேன். கொடத்துக்கு எப்டி சார் சீல் போடறது?"

"குடத்துல போட வேணாம். போட்டோவுல போடுங்க" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

அவர் குடத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "செல்வன், செல்வின்னு கீது. கல்யாணம் ஆவாத ஆளுங்கன்னு அர்த்தம். அத்த நல்லா அடிக்கோடு போட்டுக் குடுக்கறேன் சார், உங்களுக்கு வோணும் அது" என்றார். எனக்குத் தோன்றாத ஆதாரம் அது. இரண்டு நாளில் பதினொரு பாத்திரங்களும் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன.

விளக்கக் கடிதத்தை நான் எழுதினேன். அறுபதாம் கல்யாணம் என்றால் என்ன, யார் செய்துகொள்வார்கள், அதற்கு முன் பிரிந்திருக்கத் தேவையில்லை என்பது. வெள்ளம், ஆல்பம். ஏன் அந்தப் படத்தில் நான் நிற்கிறேன் என்பது. தலைப்பைத் தவறாகக் கொடுத்தது நான், என் பெற்றோர் அல்ல என்பது. இணைப்புகளுக்கு வரிசை எண்.

இருவரும் தனித்தனியாக ஓர் அறிக்கையும் தர வேண்டும் என்று வைத்தேன். அப்பாவுடையது கடை அறிவிப்புப் பலகை போல இருந்தது. "மேற்படி திருமணம் முதல் இன்றுவரை நாங்கள் ஒரே இல்லத்தில் வசித்து வருகிறோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அம்மாவுடையதை, அப்பா பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் கேட்டேன். "ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க ஏன் மறுபடி செய்துக்கிட்டீங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா. நான் அப்படியே எழுதிக்கிறேன்."

"ஆல்பம் போயிடுச்சுன்னு."

"அது என் கடிதத்துல இருக்கு. வேற?"

சேலை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முதல் தடவை இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்போ தலையை நிமித்தலை. கட்டிக்கோன்னாங்க, கட்டிக்கிட்டேன். பயமா இருந்துச்சு. ரெண்டாந்தடவை ஆளு யாரு, கோவம் வந்தா எப்படி, காய்ச்சல் வந்தா எப்படி, எல்லாம் தெரியும். தெரிஞ்சு கழுத்தை நீட்டினேன். அவ்வளவுதான். இதை எழுதுவியா நீ?"

உணர்ச்சியை எழுதாதீர்கள், தகவலை எழுதுங்கள் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்கிறவள். எழுதினேன். தமிழில் அவள் சொன்னபடி, கீழே ஆங்கிலம். பட்டியலில் விட்டுப்போனது இதுதான்.

7

மந்தைவெளியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்பா போனார். பத்து நிமிடத்தில் தெருவிலிருந்து கூப்பிட்டார்.

"உங்கம்மா இதைச் சொன்னாளா?"

"எதைப்பா?"

"ரெண்டாவது பக்கம்."

"ஆமாம்பா."

பேருந்து ஒன்று ஒலியெழுப்பிப் போனது.

"ஏதாவது தப்பா இருக்காப்பா? மாத்தணுமா?"

"இல்ல இல்ல. மாத்தாத."

"அப்ப வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

"வாங்கறேன். கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்" என்றார்.

கையெழுத்திட்ட பக்கங்கள் அன்று மாலையே வந்தன. அம்மாவின் பெயருக்குக் கீழே, தேவையில்லாத இடத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். படிவத்தின்படி அது பிழை. திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, அப்படியே ஏற்றினேன்.

பிறகு நான்கு மாதம். தினமும் காலையில் அலுவலகம் கிளம்பும் முன் ஒருமுறை, மதியச் சாப்பாட்டில் ஒருமுறை விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பேன். அப்பா எதுவும் கேட்கமாட்டார். அங்கே எவ்வளவு குளிர் என்று மட்டும் கேட்பார். அம்மா யாழினிக்குத் தமிழ் எண்கள் சொல்லிக்கொடுப்பாள். ஒன்பதுக்குப் பிறகு யாழினி ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கூப்பிட்டேன். அப்பா எடுத்தார்.

"வந்துடுச்சுப்பா. பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"யாரோடது?"

"உங்களோடது, அம்மாவோடது."

"பேர் போட்டிருக்கா? படி."

படித்தேன். அப்பா பெயர், பிறந்த தேதி. அம்மா பெயர், பிறந்த தேதி. உறவு: மனைவி.

அப்பா கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் கூடத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது. சமையலறைப் பக்கம் போய் "செண்பகம்" என்று கூப்பிடுவது கேட்டது. "கிடைச்சிருச்சு. ரெண்டு பேருக்கும்." அம்மா ஏதோ கேட்டாள், அப்பா ஏதோ சொன்னார், இரண்டும் காதில் விழவில்லை. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அழைப்பைத் துண்டிக்காமல் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.